கிணற்றடியில் நடக்கும் வேலை: நுண்ணங்கிகளும் மாறிவரும் காலநிலையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பில் இருந்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் சார்பில் ஓர் உரை வேண்டும் என்று சங்கம் கேட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி என்று ஏதாவது சொல்வோம் என்றுதான் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி உங்கள் வைத்தியர்கள் வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள். நாங்கள் இன்று எடுத்துக்கொண்டது கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிய பேச்சு. நுண்ணங்கிகள் காலநிலையை எப்படி மாற்றுகின்றன, மாறுகின்ற காலநிலை அவற்றை எப்படி மாற்றுகிறது, இரண்டுக்கும் நடுவில் சுன்னாகத்துக் கிணறுகள் எப்படி அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே இன்றைய விடயம்.

சுன்னாகத்தில் இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. வலிகாமத்தின் கீழ் இருக்கும் நிலத்தடி நீருக்குப் புவியியலாளர் வைத்திருக்கும் பெயரே சுன்னாகம் நீர்ப்படுகை என்பதுதான். எங்கள் ஊரின் பெயரை உலகத்து விஞ்ஞானக் கட்டுரைகளில் தேடிப் பார்த்தால் சந்தையைப் பற்றியோ வெங்காயத்தைப் பற்றியோ அதிகம் வராது. தண்ணீரைப் பற்றித்தான் வரும்.

எங்கள் தண்ணீர் எங்கே இருக்கிறது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கந்தரோடைப் பக்கத்தால் போகும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே எங்கள் ஆண்டு முழுவதற்குமான வரவு. அந்த மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் தங்குகிறது. கடல்நீர் பாரமானது, நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே எங்கள் நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைச் சின்ன வயதிலேயே கேட்டிருப்போம். அது நிலாவரைக்கு மட்டும் உரிய அதிசயம் அன்று. குடாநாடு முழுவதற்கும் உள்ள பொது அமைப்பு அதுதான்.

சுண்ணாம்புக்கல்லின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றே. அது தண்ணீரை வேகமாக உள்ளே விடும். மழையை விடுவது போலவே, நாங்கள் மேலே போடுகிற எதையும் உள்ளே விடும். பல அடி களிமண்ணுக்குள்ளால் வடிந்து போகும் ஊர்களில் மண்ணுக்குச் சுத்திகரிக்க நேரம் கிடைக்கிறது. எங்கள் நிலத்தில் அந்த நேரம் மிகக் குறைவு.

எண்ணெய் விடயத்தில் இதைக் கண்ணாலேயே கண்டோம். 2014, 2015 காலத்தில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை இங்கு எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருந்தவர்களும் தொலைபேசியில் கேட்டு அறிந்திருப்பீர்கள். 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பும் அளித்தது. எண்ணெய்க்கு மணமும் படலமும் இருந்தன. அதனால் மக்கள் எழுந்து கேட்டார்கள். இன்று நாங்கள் பேசப் போகும் பொருளுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. அதன் பெயர் நைத்திரேற்று. அதைச் செய்பவை மண்ணில் உள்ள பற்றீரியாக்கள். அவற்றுக்கு மூலப்பொருள் கொடுப்பவர்கள் நாம்.

ஜாம் போத்தல் விளக்கில் வரைந்த படம்

எங்கள் வயதுக்காரருக்கு நைதரசன் வட்டம் ஞாபகம் இருக்கும். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அம்புக்குறி அம்புக்குறியாக வரைந்து மனனம் செய்த படம் அது. அந்த அம்புக்குறிகள் ஒவ்வொன்றும் ஒரு கூட்டம் நுண்ணங்கிகளின் தொழில்.

ஒரு தேக்கரண்டி வளமான மண்ணில் நூறு கோடி வரையில் பற்றீரியாக்கள் இருக்கும். தோட்டத்தில் யூரியா போட்டால் மண்ணில் உள்ள நொதியங்கள் சில நாட்களில் அதை அமோனியாவாக உடைத்துவிடும். பிறகு ஒரு கூட்டம் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும். இதற்கு ஒட்சிசன் வேண்டும். 1890ஆம் ஆண்டளவில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்தப் பற்றீரியாக்களைப் பிரித்து எடுத்துக் காட்டினார். பயிர் விரும்பி எடுப்பது நைத்திரேற்றைத்தான். ஆனால் போட்ட நைதரசன் முழுவதையும் பயிர் எடுப்பதில்லை. உலகச் சராசரியில் ஏறக்குறையப் பாதியைத்தான் எடுக்கிறது.

மீதி என்ன ஆகும்? அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நைத்திரேற்று நீரில் நன்றாகக் கரையும். மண் துணிக்கைகள் அதைப் பிடித்து வைக்காது. இறைக்கிற தண்ணீரோடும் மழையோடும் அது கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். இரண்டாவது, தண்ணீர் தேங்கி மண்ணில் காற்று இல்லாமல் போகும்போது வேறு கூட்டம் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றையே சுவாசிக்கத் தொடங்கும். அவை வேலையை முழுமையாக முடித்தால் சாதாரண நைதரசன் வாயு வெளியேறும். அதனால் ஒரு தீங்கும் இல்லை. பாதியில் விட்டால் நைதரசு ஒட்சைட்டு வெளியேறும். மண்ணில் நைத்திரேற்று மிஞ்சிக் கிடக்கும் இடத்தில் பாதியில் விடுவதுதான் அதிகம்.

நைதரசு ஒட்சைட்டை வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரியும். சிரிப்பு வாயு என்று சொல்வது இதைத்தான். சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுப்போம். பிரசவ வலிக்கும் ஒட்சிசனோடு கலந்து கொடுப்பதுண்டு. வானத்துக்குப் போனால் அதன் குணம் வேறு. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ நைதரசு ஒட்சைட்டு 273 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒருமுறை மேலே போனால் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். போதாததற்கு ஓசோன் படையையும் அரிக்கும். கைத்தொழில் யுகத்துக்கு முன் வளிமண்டலத்தில் நூறு கோடிக்கு 270 பங்கு அளவில் இருந்த இந்த வாயு இன்று 330 பங்கைத் தாண்டிவிட்டது. மனிதச் செயலால் வெளியேறும் பகுதியில் பெரும் பங்கு விவசாய நிலங்களில் இருந்தே வருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். காலநிலை மாற்றத்தின் முதற் காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பதுதான். அதில் குடாநாட்டு விவசாயியின் பங்கு மிகச் சிறியது. பற்றீரியாக்களும் குற்றவாளிகள் அல்ல. அவை இல்லாவிட்டால் ஒரு நெல்மணி விளையாது. நாம் கொடுக்கும் தீனியின் அளவு மாறியிருக்கிறது. அதற்கேற்ப அவை வேலை செய்கின்றன.

பட்டியும் குழையும் யூரியாவும்

காற்றில் உள்ள நைதரசனில் இருந்து அமோனியா செய்யும் முதல் பெரிய தொழிற்சாலை 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவ் நகரில் தொடங்கியது. எங்கள் கல்லூரியைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. அதற்கு முன் உலகத்து மண்ணில் நைதரசனைச் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் நுண்ணங்கிகளும் மின்னலுமே செய்துவந்தன. எங்கள் அம்மம்மா, அப்பாச்சி காலத்துத் தோட்டங்களில் மாட்டுப்பட்டி, ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். புகையிலைத் தறைக்குக் குழை தாழ்த்தார்கள். துலாவில் இறைத்தார்கள். துலாவில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறைக்கலாம் என்ற எல்லை மனித உடம்பிலேயே இருந்தது. பிறகு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1962இல் இலங்கையில் பசளை மானியம் தொடங்கியது. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு என்று ஒரே நிலத்தில் போகத்துக்குப் போகம் பயிர் வந்தது. அந்தத் தோட்ட வருமானத்தில் படித்தவர்கள்தான் நாம். அதை மறந்து பேசுவது நன்றிகேடு.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியாவும் தடைப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. தோட்டங்கள் மீண்டும் எருவையும் குழையையும் நம்பின. ஒருவரும் விரும்பி எடுத்த முடிவு அன்று அது. பிறகு 2021இல் ஒரே அறிவிப்பில் நாடு முழுவதும் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. சில மாதங்களில், அதே ஆண்டு கார்த்திகையளவில், அந்த முடிவு கைவிடப்பட்டது. இடையில் விளைச்சல் விழுந்தது. இதில் நுண்ணங்கிகள் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. யூரியாவில் உள்ள நைதரசன் சில நாட்களில் பயிருக்குக் கிடைக்கும். கூட்டெருவில் உள்ளதைப் பற்றீரியாவும் பங்கசும் சிறிது சிறிதாக உடைத்துத்தான் கொடுக்கும். அதற்குப் பல மாதங்கள், சிலவேளை பல ஆண்டுகள் ஆகும். யூரியாவுக்குப் பழகிய மண்ணில் அந்த உயிர்க்கூட்டத்தை வளர்த்தெடுக்கவும் காலம் வேண்டும். வர்த்தமானி அறிவித்தலால் அதை அவசரப்படுத்த முடியாது.

வெயிலும் மழையும் அவற்றை எப்படி மாற்றுகின்றன

இனி மறுபக்கம். நுண்ணங்கிகள் காலநிலைக்கு எவ்வளவு கூர்மையாக நடந்துகொள்ளும் என்பதைப் பெண்களாகிய எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. தோசைக்கு அரைத்து வைத்த மா சித்திரை வெயிலில் விடியமுன்னம் பொங்கி வழியும். மார்கழிக் குளிரில் விடிந்தும் அசையாமல் இருக்கும். மாவும் உழுந்தும் அதே. மாறியது வெப்பநிலை மட்டும். மண்ணிலும் அப்படித்தான். பொதுவாக 10 பாகை செல்சியசு கூடினால் அவற்றின் வேலை ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஈரமும் தீனியும் கிடைக்கும்வரை இது பொருந்தும்.

உலகத்து மண்ணில் புதைந்திருக்கும் காபன், வளிமண்டலத்திலும் தாவரங்களிலும் உள்ளதைச் சேர்த்தாலும் அதைவிடக் கூட. பூமி சூடாகும்போது மண் நுண்ணங்கிகள் அந்த உக்கலை வேகமாகத் தின்று காபனீரொட்சைட்டாக வெளிவிடும். அது பூமியை மேலும் சூடாக்கும். இந்தச் சுழலைக் கணக்கில் எடுக்காமல் காலநிலை பற்றிப் பேசக்கூடாது என்று 2019இல் 9 நாடுகளைச் சேர்ந்த 30க்கும் மேற்பட்ட நுண்ணுயிரியலாளர்கள் மனிதகுலத்துக்கு ஓர் எச்சரிக்கையே எழுதி வெளியிட்டார்கள்.

மழையின் கதை இன்னும் எங்களுக்கு நெருக்கமானது. நீண்ட கோடைக்குப் பிறகு முதல் மழை விழும்போது எழும் மண்வாசனை உங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். கனடாவில் இருக்கும் அக்காமாரை ஊருக்கு இழுக்கிற மணம் அது. மண்ணில் வாழும் ஒருவகைப் பற்றீரியா செய்யும் பொருளே அந்த மணத்துக்குக் காரணம். அந்த மணம் வரும் நேரத்தில் மண்ணுக்குள் பெரிய ஆரவாரம் நடக்கிறது. காய்ந்து கிடந்தவை விழிக்கின்றன. கோடையில் இறந்தவற்றை உயிரோடிருப்பவை தின்கின்றன. ஓரிரு நாட்களில் பெருமளவு காபனீரொட்சைட்டும் நைத்திரேற்றும் உண்டாகின்றன. 1958இல் கென்யாவில் வேலை செய்த பேர்ச் என்ற விஞ்ஞானி இதைப் பற்றி எழுதினார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

வலிகாமத்துக்கு இதன் பொருள் என்ன? முதல் மழையோடு மண்ணில் நைத்திரேற்று திரளுகிற அதே நேரத்தில் தோட்டம் வெறுந்தரையாகக் கிடந்தால், அதை உறிஞ்ச வேர் இல்லை. அடுத்த பெருமழை அதைக் கிணற்றுக்கு இறக்கிவிடும். சூடான வளியில் நீராவி அதிகம் தங்கும். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், பெய்யாதபோது நீண்ட வரட்சி வரும். காய்வதும் நனைவதும் கூடக்கூட இந்த இறக்கமும் கூடும். கடல்மட்டம் உயர்வதால் எங்கள் நன்னீர் வில்லையும் கீழிருந்து நெருக்கப்படுகிறது. மேலிருந்து நைத்திரேற்றும் கீழிருந்து உப்பும் வரும் கிணறு எங்களுடையது.

வெள்ளம் வேறு நுண்ணங்கிகளையும் எழுப்புகிறது. 2024 கார்த்திகை இறுதியில் பெய்த பெருமழைக்குப் பிறகு, மார்கழியில் வடமராட்சிப் பக்கத்தில் காய்ச்சலோடு வந்தவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். ஊர் முழுவதும் மர்மக் காய்ச்சல் என்று பேச்சு. பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. எலியின் சிறுநீரோடு வெளியேறும் சுருள்வடிவப் பற்றீரியா ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலில் உள்ள சிறு கீறல் போதும் அது உடம்புக்குள் போக. நெற்செய்கை நடக்கும் தென்மாகாண ஊர்களுக்குப் பழகிய இந்த நோய் எங்கள் வைத்தியசாலைகளில் முன்பு அரிதாகவே காணப்பட்டது. வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியபின் காய்ச்சல் வந்தால், எங்கே இறங்கினீர்கள் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலேயே குணமாகும்.

குழந்தையின் வயிற்றில்

நைத்திரேற்றால் யாருக்கு என்ன கேடு? வளர்ந்தவர்களின் உடம்பு பெரும்பாலும் அதைச் சமாளித்துக்கொள்ளும். ஆபத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே. அவர்களின் இரைப்பையில் அமிலம் குறைவு. அதனால் அங்கே பற்றீரியாக்கள் தங்கி, நைத்திரேற்றை நைத்திரைற்று ஆக்கும். நைத்திரைற்று குருதிக்குள் போய் ஈமோகுளோபினை ஒட்சிசன் தாங்க முடியாததாக மாற்றிவிடும். பிள்ளையின் உதடும் விரல்நுனியும் நீலம் பாரிக்கும். எடுத்த குருதி கபில நிறமாக இருக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வைத்தியர் ஹன்ரர் கொம்லி, கிணற்றுநீரில் பால்மா கரைத்துக் கொடுத்த குழந்தைகளிடம் இதை முதலில் விவரித்தார். அயோவாவும் எங்களைப் போலத் தோட்டமும் கிணறுமான இடம். அதன் தலைநகரான டெமொயின் இன்று குடிநீரில் இருந்து நைத்திரேற்றை அகற்றுவதற்கென்றே தனி ஆலை வைத்திருக்கிறது.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. குடாநாட்டுக் கிணறுகளை 1980களில் இருந்து ஆராய்ந்தவர்கள், செறிவாகப் பயிர்செய்யும் இடங்களில் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பசளை ஒரு காரணம். நெருக்கமான வளவுகளில் மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் அயலவர்களாக இருப்பது இன்னொரு காரணம்.

இங்கே தாய்மாரும் அம்மம்மாமாரும் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிப் போவதால் அதன் செறிவு கொஞ்சம் கூடும். துணியில் வடிப்பதாலும் சாதாரண வடிகட்டியாலும் அது நீங்காது. பலர் இப்போது வாங்கிக் குடிக்கும் எதிர்ச்சவ்வூடு முறையில் வடித்த நீரில் அது பெருமளவு நீங்கிவிடும். கூரையில் விழும் மழைநீரில் நைத்திரேற்று மிகக் குறைவு. சுத்தமான தாங்கியில் சேர்த்துக் கொதிக்கவைத்துப் பாவிக்கலாம். எல்லாவற்றையும்விட, முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால், தண்ணீரும் தேவையில்லை, இந்தப் பயமும் தேவையில்லை. தாய் குடிக்கும் நீரில் உள்ள நைத்திரேற்று பாலில் பெரிதாகக் கூடுவதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் படித்துப் படித்துச் சொல்லும் அறிவுரைக்கு வலிகாமத்தில் இப்படி மேலும் ஒரு காரணம் இருக்கிறது.

எங்களால் ஆனது

2019 ஐப்பசியில் கொழும்பில் கூடிய நாடுகள், 2030க்குள் வீணாகும் நைதரசனைப் பாதியாக்குவது என்ற நோக்கோடு ஒரு பிரகடனம் செய்தன. கொழும்புப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். பிரகடனம் கொழும்பில் இருக்கட்டும். சுன்னாகத்தில் செய்யக்கூடியவை சில உண்டு.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு: பசளையை ஒரே தடவையில் கொட்டாமல், பயிர் கேட்கும் வேளைகளில் பிரித்துப் போடுங்கள். பெருமழைக்கு முன் போடாதீர்கள்; போட்டது கிணற்றுக்குத்தான் போகும். பச்சைச் சாணியைக் குவித்து மழையில் நனையவிட்டால் அதிலிருந்தும் நைத்திரேற்று இறங்கும். நன்றாக உக்கிய எருவைப் போடுங்கள். சேதனப் பசளை என்றால் எவ்வளவும் போடலாம் என்று நினைப்பது சரியன்று. பற்றீரியாவுக்கு மாட்டெருவும் யூரியாவும் கடைசியில் ஒரே நைதரசன்தான். நிலத்தை வெறுமையாக விடாமல் சணல் விதையுங்கள். மஞ்சள் பூப் பூத்துக் கிடக்கும் சணல் வயலில் நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அந்தச் செடியின் வேர்முடிச்சில் பற்றீரியாக்கள் காற்றில் இருந்தே நைதரசனை எடுத்துக் கொடுக்கின்றன. பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணில் உக்கலும் கூடும். அடுத்த பயிருக்கு வாங்கும் யூரியாவும் குறையும்.

வீடு கட்டுபவர்களுக்கு: வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி ஊரில் வீடு கட்டும் சகோதரிகள் மாபிள் என்ன நிறம் என்று கேட்கிறீர்கள். மலசலகூடக் குழி எப்படிக் கட்டுகிறார்கள், கிணற்றில் இருந்து எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் அடித்தளம் இல்லாத குழி என்பது உங்கள் கிணற்றுக்கும் அயல்வீட்டுக் கிணற்றுக்கும் போடும் குழாய் போன்றது. நீர் கசியாத தொட்டி கட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, எங்கள் கல்லூரிக்கும் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவது நல்ல காரியம். அதோடு ஒரு சிறிய காரியத்தையும் சேர்த்துக்கொள்வோம். கல்லூரிக் கிணற்றிலும், விரும்பும் மாணவிகளின் வீட்டுக் கிணறுகளிலும், ஆண்டுக்கு இரண்டு முறை நைத்திரேற்று அளவு பார்ப்போம்: ஒருமுறை கோடை முடிவில், ஒருமுறை மாரி முடிந்து. பரிசோதனைப் பட்டிகளை வாங்குவதற்குப் பெரிய பணம் வேண்டாம். எல்லை தாண்டிய கிணறுகளின் நீரை நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து உறுதி செய்யலாம். உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் அளந்து, ஒரு தடித்த பதிவேட்டில் திகதியும் மழையளவும் கிணற்று நீர்மட்டமும் சேர்த்து எழுதட்டும். ஒரு வகுப்பு போனால் அடுத்த வகுப்பு எழுதும். பத்து ஆண்டில் வலிகாமத்தின் நிலத்தடி நீரைப் பற்றிப் பல்கலைக்கழகமும் கேட்டு வாங்கும் பதிவேடாக அது ஆகிவிடும். பெண் பிள்ளைகள் படித்தால் குடும்பம் முன்னேறும் என்று நம்பி இந்தக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அவர்கள் படித்த அளவீடு ஒரு ஊரின் தண்ணீரைக் காப்பாற்றும் என்றால் அதைவிடப் பெரிய நூற்றாண்டுப் பரிசு வேண்டுமா?

இதற்கு முதல் இரண்டு ஆண்டுச் செலவை எங்கள் வகுப்பினர் ஏற்றுக்கொள்கிறோம். அதன் பின் ஒவ்வொரு வகுப்பும் ஓர் ஆண்டைப் பொறுப்பெடுக்க முன்வரவேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம். இலண்டனில் இருப்பவர்களும் மெல்பேணில் இருப்பவர்களும் ரொறன்ரோவில் இருப்பவர்களும் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரை யாரோ ஒருவர் நாள்தோறும் அளந்து பார்த்துத்தான் அனுப்புகிறார். சுன்னாகத்துப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரையும் யாராவது அளக்கவேண்டும். அதை அவர்களே அளக்கட்டும். நாம் துணை நிற்போம்.